இருபது லிட்டர்

வண்டி முகப்பில் எலுமிச்சம்பழம், மிளகாய்.
பின்னால் நீல எழுத்தில் 'கங்கா வாட்டர்'.
போர் எண்ணூற்று எழுபது அடி.
இடம் பார்க்க வந்த இன்ஜினியர்
மெஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு
உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தினார்.
தேங்காய் எழுந்து நின்றது. பில்லில் மெஷின் வாடகை இருந்தது.

குடியாத்தம் எழுவதற்குள் தொண்ணூறு கேன்.
கரையில் கங்கையம்மன்,
கௌண்டன்யா ஆற்றில் சீமைக்கருவேலம்.
வைகாசியில் சிரசு ஊர்வலத்துக்கு அறுபது கேன் இறக்கினேன்.
தண்ணீர்த் தாய்க்குத் தண்ணீர் கடன் கொடுத்தவன்
இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.
பாக்கி இன்னும் வரவில்லை.

பொன்னுரங்கம் சார் வீட்டில் சாமி படம் கிடையாது.
கறுப்புச் சட்டை, சுவரெல்லாம் புத்தகம்.
வெள்ளிக்கிழமை போய் நின்றால்,
"நாளைக்கு வாப்பா, இன்னிக்கு துட்டு வெளிய போவக்கூடாதுன்னு
வூட்ல சொல்றாங்க" என்பார்.
வீட்டில் அவர் மட்டும்தான்.
அம்மா தவறி ஆறு வருஷம் ஆகிறது.

பள்ளிவாசல் வாசலில் மஃரிப் முடியும் நேரம்.
பயந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு
ஓதி ஊதுவதற்குக் காத்திருக்கும் வரிசையில்
தட்சிணாமூர்த்தியும் நிற்கிறார், கையில் என் தண்ணீர் ஒரு டம்ளர்.
"அவங்களுக்கு வூடு வுடறதில்ல" என்று
புரோக்கரிடம் காலையில் சொன்னவர்.
ஊதிய மூச்சு தண்ணீரில் இறங்கியது.
குழந்தை குடித்தது. தூங்கியும் போனது.

தரணம்பேட்டை வசந்தகோகிலம் அம்மா
படிக்கட்டு ஓரம் விரலை நீட்டுவார்.
அங்கே வைப்பேன்.
ஒரு சொம்பு தண்ணீர் கேன் மேல் ஊற்றி,
துணியால் ஒற்றி, உள்ளே உருட்டிப் போவார்.
வெளிப்பக்கத்துக்குத்தான் தீட்டு.
உள்ளே நிரப்பியதும், மூடியை அழுத்தியதும்
இதே கை.
என் மகள் நர்சிங் சேர்ந்தபோது
நான் கேட்காமலே மூவாயிரம் கொடுத்தவரும் அவர்தான்;
தட்டில் வைத்து, வெற்றிலையோடு,
அதே படிக்கட்டு ஓரத்தில்.

அந்தக் கார்த்திகையில் ஆறு வந்தது.
கற்பூரம் ஏற்றி வரவேற்றோம் காலையில்.
மத்தியானம் தெருவுக்குள் வந்தது.
சாயங்காலம் அதைத் திட்டாத வாய் இல்லை.
இடுப்பளவு தண்ணீரில் குடிதண்ணீர் சுமந்தேன்.
முப்பது ரூபாய் கேன் எண்பது; விலை ஏற்றியது நான்தான்.
மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டார் அந்த அம்மா:
"மேல இட்டாந்துடுப்பா, உள்ளாறயே வா."

பதினோரு வருஷத்தில் முதல் முறை
கூடம் தாண்டினேன், சமையல்கட்டு தாண்டினேன்,
பூஜை அறையில் குத்துவிளக்கு மிதந்தது.
எடுத்து மேலே வைத்தேன்.
பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மாடியில் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார்.

வடிந்த பிறகு போனேன்.
வாசல் வரைக்கும் பினாயில் வாசனை,
மூன்று நாளாய்க் கழுவுகிறார்களாம்.
சேற்றுக்கா, எனக்கா,
கேட்கவில்லை.
விரல் படிக்கட்டு ஓரத்துக்கே நீண்டது.

இதைச் சொல்லிப் புலம்பியபடி வீட்டுக்கு வந்தேன்.
எங்கள் செப்டிக் டேங்க் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.
வந்திருந்த பையன், அங்கமுத்து என்று பேர்,
தண்ணீர் கேட்டான்.
என் பெண்சாதி ஒரு பாட்டிலில் நிரப்பிக் கொடுத்து
"நீயே வச்சுக்கோப்பா" என்றாள்,
அவ்வளவு அன்பாக.

அவன் குடித்தான். நல்லா இருக்குண்ணா என்றான்.
நான் பேசாமல் நின்றிருந்தேன்.
எங்கள் வீட்டு டம்ளர்கள் எல்லாம்
கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன.